மாவுக்கைக்காரர் மூடி வைத்த ஈறு

அந்தத் தெருவுக்குப் புதிதாகக் குடிவருகிறவர்கள் முதல் ஒரு வாரம் மாவுக்கைக்காரரை ரொட்டிக்கடைக்காரர் என்றுதான் நினைப்பார்கள். முழங்கைவரை வெள்ளை, சட்டைப் பையில் வெள்ளை, சில நாள் காது மடலில்கூட வெள்ளை ஒட்டியிருக்கும். பிறகு யாராவது சிரித்துக்கொண்டே சொல்வார்கள், அது தின்கிற மாவு இல்லை, தின்பதற்குப் பல் செய்கிற மாவு என்று. பல் டாக்டர்கள் நோயாளியின் வாயில் அச்சு எடுத்து அனுப்புவார்கள். அவர் அதற்குள் மாவைக் கரைத்து ஊற்றி, இறுகியதும் பிரித்தெடுத்து, கையில் கிடைத்த அந்த வெள்ளை வாய்க்குப் பொருத்தமாகப் பல்செட் கட்டுவார். நாற்பது வருடமாக இதுதான் பிழைப்பு.

ஒரு பழைய கட்டிடத்தின் பின்பக்கம், மாடிப்படிக்குக் கீழே அவருடைய பட்டறை. ஒரு ஜன்னல், ஒரு நீள மேஜை, சுற்றுகிற தேய்ப்புக் கல் ஒன்று, ரோஸ் நிறப் பிசின் டப்பாக்கள். சுவரெல்லாம் அலமாரி, அலமாரியெல்லாம் வாய்கள். ஒவ்வொரு மாவு வாயின் அடியிலும் பென்சிலால் தேதி எழுதி வைத்திருப்பார். வாய்க்குச் சொந்தக்காரர்களை அவருக்குத் தெரியாது. பஸ்ஸில் எதிரே உட்கார்ந்திருப்பவர் கொட்டாவி விட்டால் மட்டும், அட, இது நம் கைவேலை அல்லவா என்று உள்ளுக்குள் ஒரு குளிர்ச்சி. பாவம் அந்த ஆள், தன்னை எவனோ முறைத்துப் பார்க்கிறான் என்று முகத்தைத் திருப்பிக்கொள்வார்.

இந்தத் தொழிலில் ஒரு கட்டுப்பாடு உண்டு. மாவில் எந்த வித்தையும் காட்டலாம், உயிருள்ள வாயில் கை வைக்கக்கூடாது. வாய் டாக்டருடையது. அதை மீறுகிறவருக்கு அடுத்த நாளிலிருந்து எந்த டாக்டரும் அச்சு அனுப்பமாட்டார். மாவுக்கைக்காரரும் அதை ஒழுங்காகத்தான் காப்பாற்றி வந்தார். மீறியது ஒரே ஒரு வாயில், அவர் மனைவியின் வாயில்.

கல்யாணத்துக்கு முன்னால் அவளை முதன்முதலாகப் பார்த்தபோது அவர் முகத்தைப் பார்க்கவே இல்லையாம், வாயையே பார்த்துக்கொண்டிருந்தாராம். அவளுடைய அண்ணன் பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு, குதிரை வாங்க வந்தீங்களா என்று கேட்டேவிட்டார். அவள் வாய்விட்டுச் சிரித்தாள். மேல்வரிசையில் இரண்டு பல் இல்லை. பள்ளிக்கூட நாளில் சைக்கிளிலிருந்து விழுந்ததில் போனவை, அந்த இடத்தில் கழற்றி மாட்டுகிற பிளேட் ஒன்று தொளதொள என்று ஆடிக்கொண்டிருந்தது. அந்தச் சிரிப்பில் மனுஷன் விழுந்தார். விழுந்த கையோடு, இந்தப் பிளேட்டை இதைவிட நன்றாகக் கட்டலாமே என்றும் நினைத்தார்.

அவள் ஒரு ஹோட்டலின் வரவேற்பு மேஜையில் வேலை பார்த்தாள். வருகிறவர்களுக்கெல்லாம் சிரித்துச் சாவி கொடுப்பது வேலை. கல்யாணமான இரண்டாம் மாதமே, ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, சமையலறை மேஜையில் அவளை உட்கார வைத்து அவரே வாயில் அச்சு எடுத்தார். டாக்டர்கிட்டப் போக வேண்டாமா என்று அவள் கேட்டதற்கு, வீட்டிலேயே ஆள் இருக்கும்போது எதற்கு அலைச்சல் என்றார். அந்த முதல் பிளேட் அத்தனை அழகாக அமைந்துவிட்டது. எது சொந்தப் பல், எது கட்டிய பல் என்று அவருக்கே ஒரு கணம் யோசிக்க வேண்டியிருந்தது. ஹோட்டலில் யாரோ ஒருவர் அவள் சிரிப்பைப் பாராட்டினார் என்று அவள் வந்து சொன்ன அன்று, அவருக்குத் தலைகால் புரியவில்லை.

முப்பத்து நான்கு வருடத்தில் இப்படி நான்கு பிளேட் செய்தார். ராத்திரி கழற்றி வைத்துவிட்டுப் படு என்று கடமைக்கு ஒருமுறை சொன்னதோடு சரி. தூங்கும்போதும் அவள் அதை மாட்டிக்கொண்டே தூங்குவதில் அவருக்கு ரகசியமாக ஒரு பெருமை இருந்தது.

மூன்றாவது பிளேட்டுக்கு அச்சு எடுக்கும்போது அவள் சொன்னாள், சிரித்தால் பல்லெல்லாம் நீளமாகத் தெரிகிறது, ஹோட்டல் மேஜைக்குப் பின்னால் நிற்கக் கூச்சமாக இருக்கிறது என்று. நாற்பத்தைந்து வயதுக்கு மேல் யாருக்கும் பல் வளராது. ஈறுதான் பின்வாங்கும். அது மாவுக்கைக்காரருக்குத் தெரியாதா? நன்றாகவே தெரியும். ஈறு வீங்கி, பல்லுக்கும் ஈறுக்கும் நடுவில் பை விழுந்து, அதற்குள் காறை படிந்து, எலும்பு கரைந்துகொண்டிருக்கிறது என்பதை அந்த மாவு அச்சைப் பார்த்தே ஒரு வகுப்பு எடுக்கிற அளவுக்குத் தெரியும். டாக்டரிடம் கூட்டிப் போயிருந்தால் சுத்தம் செய்து, மருந்து வைத்து, பிடித்து நிறுத்தியிருப்பார்கள்.

ஆனால் டாக்டர் வாயைத் திறப்பார். திறந்தால் பிளேட்டைப் பார்ப்பார். இது யார் கட்டியது, யார் அச்சு எடுத்தது என்று கேட்பார். தனக்குப் பாதி வேலை அனுப்புகிற டாக்டரம்மாவிடம் அதற்கு என்ன பதில் சொல்வது? அதனால் மனுஷன் தனக்குத் தெரிந்த வேலையைச் செய்தார். பிளேட்டின் முன்பக்கத்தில் ரோஸ் பிசினைக் கொஞ்சம் தாராளமாக இறக்கி, பக்கத்துப் பற்களின் வேர்வரை மூடி, செயற்கை ஈறு ஒன்றை வைத்துவிட்டார். நான்காவது பிளேட்டில் அதை இன்னும் அகலமாக்கினார். வெளியே பார்த்தால் இருபது வயதுப் பெண்ணின் ஈறு. உள்ளே என்ன நடந்ததோ, அது கதவைச் சாத்திக்கொண்டு நடந்தது. கைத்திறமை இருக்கிறவன் செய்கிற தப்பும் திறமையாகத்தான் இருக்கும் போலிருக்கிறது.

அவள் வேலையிலிருந்து ஓய்வுபெற்று இரண்டு வருடம் கழித்து, ஹோட்டலுக்குப் போன் செய்து நாளைக்கு எனக்குக் காலை முறையா, மாலை முறையா என்று கேட்டாள். அங்கே இருந்தவர்கள் அதை வேடிக்கையாக எடுத்துக்கொண்டார்கள். வீட்டிலும் சிரித்தார்கள். அப்புறம் அடுப்பில் பால் பொங்கி வழிந்தது, அடுத்தடுத்து மூன்று நாள். ஒருநாள் வேலை முடிந்து வந்த மகளை வாசலிலேயே நிறுத்தி, ரூம் பதிவு செய்திருக்கிறீர்களா என்று அவள் மரியாதையாகக் கேட்டபோது யாரும் சிரிக்கவில்லை. மகள் லீவு போட்டு அம்மாவை மறதிக்குப் பார்க்கிற டாக்டரிடம் அழைத்துப் போனாள். அப்பாவும் கூடப் போனார்.

அந்த டாக்டர் சின்ன வயசு, பொறுமைசாலி. கடிகாரம் வரையச் சொன்னார், ஐந்து வார்த்தை சொல்லித் திரும்பச் சொல்லச் சொன்னார். ரத்தம், படம் எல்லாம் எடுத்துப் பார்த்து, மறதி நோயின் ஆரம்பம் என்றார். பிறகு ஒரு தாளை வைத்துக்கொண்டு வரிசையாகக் கேட்டார். சர்க்கரை? காது? கண்? பல், ஈறு ஏதாவது தொந்தரவு?

“அதெல்லாம் இல்ல டாக்டர்” என்று மாவுக்கைக்காரர் முந்திக்கொண்டார். “நானே பல்செட் கட்டுறவன்தான்.”

டாக்டர் சிரித்து, அப்படியானால் கேட்கவே வேண்டாம் என்று தாளில் ‘இல்லை’ எழுதிவிட்டார். மகள் சும்மா இருக்கவில்லை. மறதிக்கும் பல்லுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டாள்.

“ஈறு நோய் வருஷக்கணக்கா இருக்கிறவங்களுக்கு மறதி நோய் கொஞ்சம் அதிகமா வருதுன்னு சில ஆராய்ச்சியில தெரியுது” என்றார் டாக்டர். “ஈறுல இருக்கிற கிருமியும் வீக்கமும் ரத்தம் வழியா மூளையையும் பாதிக்குதோன்னு ஒரு சந்தேகம். ஆனா அதுதான் காரணம்னு இன்னும் யாரும் நிரூபிக்கல. மறதி வந்ததால பல் தேய்க்க மறந்து, ஈறு கெடறதும் உண்டு. எது எதுக்குக் காரணம்னு முடிவாகல. எப்படி இருந்தாலும் ஈறு கெட்டிருந்தா சரிபண்ணிடறது நல்லது, அதுக்காகத்தான் கேட்டேன்.”

மாவுக்கைக்காரர் இரண்டு கையையும் பேண்ட் பைக்குள் விட்டுக்கொண்டு நின்றார். ஒரு வார்த்தை சொல்ல அதைவிட நல்ல இடம் கிடைக்காது. வாய் திறக்கவில்லை.

அன்று சாயங்காலம் பட்டறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். மேல்தட்டில் ஒரு பிஸ்கட் டின்னில் மனைவியின் நான்கு மாவு அச்சும் இருந்தன. மேஜையில் வரிசையாக வைத்தார். டாக்டர் சொன்னதில் ஒரே ஒரு வாக்கியத்தைத்தான் வழியெல்லாம் பிடித்துக்கொண்டு வந்திருந்தார், மறதி வந்ததால் ஈறு கெட்டிருக்கலாம் என்பதை. அடியில் பென்சில் தேதியைப் பார்த்தார். மறதிக்கு இன்னும் ஒரு வயதுகூட ஆகவில்லை. மூன்றாவது அச்சுக்கு வயது பதினாறு. அதிலேயே ஈறு பின்வாங்கியிருந்தது, அளவுக்கருவியை வைத்துப் பார்த்தால் நான்கு மில்லிமீட்டர். நான்காவதில் ஆறு. எது முதலில் வந்தது என்பது உலகத்துக்குத் தெரியாமல் இருக்கலாம், இந்த ஒரு வாயைப் பொறுத்தவரை அவருக்குத் தெரிந்துவிட்டது. அதனால்தான் இது வந்ததா என்பது மட்டும் தெரியவில்லை, அது தெரியப்போவதும் இல்லை. நான்கையும் குப்பைக் கூடையில் போட்டார். ஐந்து நிமிஷத்தில் குனிந்து பொறுக்கி எடுத்தார். ஒன்றின் விளிம்பு உடைந்திருந்தது, அதற்கு மாவு குழைத்து ஒட்டினார். எதற்கு ஒட்டுகிறோம் என்று அவருக்கே புரியவில்லை.

அதற்கப்புறம் ஒரு மாதம் தானே சரிசெய்துவிடலாம் என்று பார்த்தார். மெத்தென்ற பிரஷ் வாங்கினார், கொப்பளிக்க மருந்து வாங்கினார். காலையில் சாப்பாட்டுக்குப் பிறகு அவளை நாற்காலியில் உட்கார வைத்து, ஆ காட்டு என்பார். அவள் உதட்டை இறுக்கிக்கொள்வாள். கொஞ்சினார், கெஞ்சினார், ஒருநாள் அதட்டியும் பார்த்தார். அவள் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டு தலையை ஆட்டினாள். வேறு எதற்கும் அவரிடம் அடம்பிடிக்காதவள். சட்டைப் பொத்தான் போட விடுவாள், தலைவார விடுவாள், செருப்பு மாட்டக் காலை நீட்டுவாள். வாயை மட்டும் அவருக்குத் திறக்கமாட்டாள்.

பிறகு ஒரு நாள் இடது கன்னம் வீங்கியது. ரொட்டியை டீயில் நனைத்துக் கொடுத்தாலும் வேண்டாம் என்று தள்ளினாள். வாய்கிட்டப் போனாலே ஒரு வாடை. பல் டாக்டரிடம் உடனே நேரம் வாங்குகிறேன் என்று மகள் போனை எடுத்தாள்.

“இரும்மா” என்றார் மாவுக்கைக்காரர். “முதல்ல நான் சொல்றதைக் கேளு.”

சமையலறை மேஜையில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னார். அச்சு எடுத்தது, மூடியது, வேலை போய்விடும் என்று பயந்தது, மறதி டாக்டரிடம் இல்லை என்று சொன்னது. தன்னால்தான் அம்மாவுக்கு இப்படி ஆகிவிட்டது என்று அழுதார். மகள் திட்டுவாள் என்று எதிர்பார்த்தார், திட்டினால் தேவலை என்றுகூட இருந்தது.

“மறதி எதனால வந்துச்சுன்னு டாக்டருக்கே தெரியாதுப்பா. அதுக்கு உங்களை நான் எப்படித் திட்டுறது?” என்றாள் கடைசியில். “ஆனா அவர் நேருக்கு நேரா கேட்டப்போ பொய் சொன்னீங்க. ஒரு மாசம் ஆச்சு. இந்த ஒரு மாசமா அம்மா வலியோட இருந்திருக்காங்க. அது எதனாலன்னு எனக்கு நல்லாத் தெரியும்.”

மகள் அங்கேயே உட்கார்ந்து மறதி டாக்டருக்குப் போன் போட்டு, போனை அப்பாவின் கையில் கொடுத்தாள். அவரே சொல்ல வேண்டியிருந்தது. சொன்னார்.

பல் டாக்டரம்மாவிடம் அன்றே மனைவியை அழைத்துப் போனார்கள். மாவுக்கைக்காரர் கையில் பிஸ்கட் டின். டாக்டரம்மா முதலில் நோயாளியைத்தான் பார்த்தார். நயமாகப் பேசி, பாட்டு ஒன்றை முணுமுணுத்து, எப்படியோ வாயைத் திறக்க வைத்துப் பிளேட்டைக் கழற்றினார். பிளேட்டின் உள்பக்கத்தைப் பார்த்தார். பிறகு டின்னைத் திறந்து நான்கு அச்சையும் ஒவ்வொன்றாகத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். இருபத்து மூன்று வருடமாக இவரை அண்ணா என்று கூப்பிடுகிறவர். முகம் சிவந்துவிட்டது.

“மூணாவது அச்சு எடுத்தப்போ கூட்டிட்டு வந்திருந்தா அஞ்சாறு தடவையில நிறுத்தியிருப்பேண்ணா” என்றார். “என்கிட்ட வர உங்களுக்கு என்ன? கோவிச்சிருப்பேன். அதுக்கு மேல என்ன செஞ்சிருக்கப் போறேன்?”

வேலை அனுப்பமாட்டீர்களோ என்று பயந்தேன் என்று சொல்ல அவருக்கு நாக்கு வரவில்லை. அத்தனை வருடத்துப் பயம் அந்த அறையில் வைத்துப் பார்க்கும்போது ரொம்பச் சின்னதாக இருந்தது. அந்த வேளையில் நிறுத்தியிருந்தால் மறதி வந்திருக்காதா டாக்டர் என்று மட்டும் கேட்டார். அதை என்னால் சொல்ல முடியாது, யாராலும் சொல்ல முடியாது என்றார் டாக்டரம்மா. வலித்தது, ரத்தம் வந்தது என்று ஒருநாளாவது சொன்னார்களா என்று திருப்பிக் கேட்டார். மாவுக்கைக்காரர் யோசித்துப் பார்த்தார். ஒருநாளும் சொன்னதில்லை. சொல்லியிருந்தால் நிச்சயம் கூட்டி வந்திருப்பேன் என்றார். சொல்லிவிட்டு, அது நிஜம்தானா என்று அவருக்கே சந்தேகமாக இருந்தது.

நான்கு பல்லை எடுக்க வேண்டியதாயிற்று. மற்றவற்றைச் சுற்றி ஈறுக்குள் ஆழமாகச் சுத்தம் செய்ய நான்கைந்து முறை வர வேண்டும் என்றார்கள். முதல் தடவை எடுத்ததும் கன்னத்து வீக்கம் வடிந்தது, மூன்றே நாளில் அவள் தானாக ரொட்டி கேட்டுச் சாப்பிட்டாள். மகள் அதைப் பார்த்துவிட்டு அப்பாவிடம் பழையபடி பேச ஆரம்பித்தாள். ஞாபகம் திரும்பவில்லை, திரும்பும் என்று யாரும் சொல்லவும் இல்லை.

மகளுக்குச் சொல்லியாயிற்று. இரண்டு டாக்டருக்கும் சொல்லியாயிற்று. சொல்ல வேண்டிய ஆளுக்குத்தான் இன்னும் சொல்லவில்லை. அவள் தெளிவாக இருக்கிற ஒரு காலையாகப் பார்த்து, பக்கத்தில் உட்கார்ந்து மன்னிப்புக் கேட்டுவிட வேண்டும் என்று அவர் தினமும் நினைப்பார். தெளிவான காலைகளும் வந்தன. அவள் அவரைப் பார்த்துச் சிரித்து, என்னங்க, டீ ஆறுது பாருங்க என்பாள். அந்த நிமிஷத்தைக் கெடுக்க மனம் வராது, நாளைக்கு என்று தள்ளிவிடுவார்.

மூன்றாவது முறை போனபோது கிளினிக்கில் உதவி செய்கிற பெண் வரவில்லை. எச்சில் உறிஞ்சுகிற குழாயைப் பிடிக்க ஆள் வேண்டும் என்றார் டாக்டரம்மா. மாவுக்கைக்காரரையே உள்ளே கூப்பிட்டு, கையைக் கழுவச் சொல்லி, பச்சை அங்கி, தொப்பி, முகக்கவசம், கண்ணாடி, கையுறை எல்லாம் மாட்டிவிட்டார். சுவர்க் கண்ணாடியில் பார்த்தால் அவருக்கே தன்னை அடையாளம் தெரியவில்லை. கைகூட முதன்முறையாக மாவு இல்லாமல் இருந்தது.

பாதி வேலையில் டாக்டரம்மா எக்ஸ்ரே படம் ஒன்றைச் சரிபார்க்கப் பக்கத்து அறைக்குப் போனார். சாய்வு நாற்காலியில் படுத்திருந்தவள் வாயைத் துடைத்துக்கொண்டாள். துண்டில் சிவப்பாகத் தெரிந்ததைப் பார்த்தாள். கதவுப் பக்கம் ஒருமுறை பார்த்துவிட்டு, பச்சை அங்கிக்காரரைக் கையசைத்துக் கிட்டே கூப்பிட்டாள்.

“டாக்டர், எங்க வீட்டுக்காரர் வெளியில உக்காந்திருக்காரா?”

ஆமாம் என்று அவர் தலையை ஆட்டினார்.

“ரத்தம் வர்றதை அவர்கிட்டச் சொல்லிடாதீங்க” என்றாள் அவள், ஹோட்டல் மேஜையில் பேசுகிற அதே பதவிசான குரலில். “இது ரொம்ப வருஷமா வருது டாக்டர். நான் மூச்சு விட்டதில்ல. சொன்னா, அவர் கட்டிக்கொடுத்த பல்லுதான் சரியில்லன்னு நினைச்சுக்குவாரு. எனக்காகப் பார்த்துப் பார்த்துச் செஞ்சது. தெரிஞ்சா மனுஷன் தாங்கமாட்டாரு.”

மாவுக்கைக்காரரின் கை முகக்கவசத்தின் நுனிவரை போனது. நான்தான் என்று சொல்லிவிட வேண்டும், இத்தனை நாள் தள்ளிப்போட்டதைக் கொட்டிவிட வேண்டும். ஆனால் கவசத்தை இறக்கினால், இத்தனை வருடம் வலியைப் பொத்திவைத்து அவள் காப்பாற்றியது இந்த ஒரு நிமிஷத்தில் பாழாகும். கையைக் கீழே இறக்கினார்.

“சொல்லமாட்டேம்மா” என்றார்.

குரல் அவளுக்கு அடையாளம் தெரியவில்லை. சந்தோஷம் டாக்டர் என்றாள். நிம்மதியாகத் தலையைச் சாய்த்துக்கொண்டு, அவருக்கு வாயை அகலமாகத் திறந்து காட்டினாள்.